காப்புக் கட்டணம்: மாதந்தோறுமோ, முன்னதாக ஒருங்கேயோ?

காரவள்ளியில் மலையடியை விட்டு, எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலை மேலேறி, வளப்பூர் நாட்டு அறப்பளீசுரர் கோயில் வரையிற் செல்வோர் வழிநெடுக ஒரு மாறுதலைக் காண்பர். முன்னாளில் தலைச்சுமையாக மலையிறங்கிய மிளகும் காப்பியும் வாழைத்தாரும் அன்னாசியும் இந்நாளில் வண்டிகளில் இறங்குகின்றன. நோயுற்றோரை மருத்துவரிடம் சேர்ப்பதும், பிள்ளைகளைக் கீழ்நாட்டுக் கல்லூரிகளிற் கொண்டுவந்து விடுவதும் வண்டியே. ஆதலின் மலைநாட்டார்க்கு மோட்டார் வண்டி ஆடம்பரப் பொருளன்று. அன்றாட வாழ்வின் கருவியே ஆம்.

வண்டி வந்த வீட்டிற்கு அதனோடு ஒரு கடமையும் வந்து சேர்கின்றது. அஃதாவது, ஆண்டுதோறும் காப்பீட்டைப் புதுப்பித்தல். ஒரே நாளிற் பல ஆயிரம் ரூபாயை எடுத்து வைப்பதைக் காட்டிலும், மாதம் சிறிது சிறிதாகக் கொடுத்துவிடுதல் எளிதன்றோ என்பது பலர் உள்ளத்தும் எழும் வினா. வீட்டில் முதன்முதலாக மோட்டார் வண்டி வாங்கிய தலைமுறையைச் சேர்ந்த மாணவர் நம்மிடையே பலர். அவர்தம் தந்தையார், "படித்த பிள்ளையாயிற்றே, நீ சொல்" என்று இவ்வினாவை அவரிடமே விடுத்தல் இயல்பு. அதற்குக் கணக்கறிந்து விடை கூறுதற்கு உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. காப்பீட்டின் இரு கூறுகள்

மோட்டார் வண்டிக் காப்பீடு இருவகைத்து. நம் வண்டியினாற் பிறர்க்கு விளையும் மரணம், காயம், பொருட்சேதம் ஆகியவற்றிற்கு ஈடு செய்வது மூன்றாம் தரப்பினர் காப்பு. நம் வண்டிக்கே நேரும் சேதத்திற்கும் களவிற்கும் ஈடு செய்வது சொந்தச் சேதக் காப்பு.

இவற்றுள் முன்னையது நம் விருப்பத்தைப் பொறுத்ததன்று. 1939-ஆம் ஆண்டு மோட்டார் வண்டிச் சட்டத்தின் எட்டாம் அத்தியாயம் 1946 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த நாள்தொட்டு, அஃது இந்நாட்டிற் கட்டாயமாயிற்று. இப்பொழுது 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 146-ஆம் பிரிவு அதனையே விதிக்கின்றது. காப்பின்றி வண்டி ஓட்டுவார்க்கு, முதற்குற்றத்திற்கு 2,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். மீண்டும் செய்யின் அபராதம் 4,000 ரூபாய் ஆகும்.

பின்னையது விருப்பக் காப்பு. 2007-ஆம் ஆண்டு முதல் அதன் விலையைக் கம்பெனிகளே வகுத்துக்கொள்கின்றனவாதலின், ஒரே வண்டிக்குக் கம்பெனிதோறும் விலை வேறுபடும்.

2. சட்டம் விதிக்கும் முறை

மாதத் தவணையைப்பற்றிப் பேசுமுன், சட்டம் யாது கூறுகின்றதென்பதை அறிதல் வேண்டும். 1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தில் 64-விபி என்றொரு பிரிவு உளது. கட்டணம் கைக்கு வருமுன் எந்தக் கம்பெனியும் எந்த ஆபத்திற்கும் பொறுப்பேற்றல் ஆகாது என்பது அதன் சாரம். சிலவகைக் காப்பீடுகளுக்கு விதிகள் விலக்களிக்கின்றன. மருத்துவக் காப்பீட்டிற்கு மாதத் தவணை முறையைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் அனுமதித்தது. ஆயினும் மோட்டார் வண்டிக்கு, முழுப் பணமும் முன்னதாகச் செலுத்துதலே இந்நாட்டின் பொது வழக்கம்.

இவ்விதி கடுமையாகத் தோன்றினும் காரணமின்றி எழுந்ததன்று. மலைச்சரிவிற் பயிரிடுவோர் மழைக்கு முன்னரே கல்வரப்பைக் கட்டி முடிப்பர். வெள்ளம் வந்தபின் கல் தேடுவாரில்லை. காப்பீட்டு நிதியும் அத்தகையதே. பலரும் முன்னரே இட்ட சிறு தொகைகள் திரண்டிருப்பதனாலேயே, அவருள் ஒருவர்க்கு இடர் வந்தபோது ஈடு கொடுத்தல் இயலும். விபத்து நேர்ந்த பின்னர்க் கட்டலாம் என்றிருந்தால், விபத்து நேராதார் ஒருவரும் கட்டார், நிதியே உண்டாகாது.

மூன்றாம் தரப்பினர் காப்பில் இம்முன்பணம் ஓராண்டோடு நில்லாமல் மேலும் நீண்டது. கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு அறுவை மருத்துவர் எஸ். இராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக் குறித்துத் தொடுத்த பொதுநல வழக்கில், உச்ச நீதிமன்றம் 2018 ஜூலை 20-இல் ஓர் ஆணை பிறப்பித்தது. அதன்படி 2018 செப்டம்பர் 1 முதல் புதிய காருக்கு மூன்றாண்டு, புதிய இருசக்கர வண்டிக்கு ஐந்தாண்டு மூன்றாம் தரப்பினர் காப்பை வாங்கும்போதே எடுத்தல் வேண்டும். முதலாண்டு கழிந்தபின் வண்டி உடையார் பலர் புதுப்பியாது விட்டுவிட, அவ்வண்டிகளில் அடிபட்டார் ஈடு பெற வழியின்றித் தவித்தமையே இதற்குக் காரணம்.

இங்கே ஒரு கணக்கு நோக்கத்தக்கது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 1,000 கன சென்டிமீட்டருக்கு மேற்படாத எஞ்சினுடைய காருக்கு ஓராண்டுக் கட்டணம் 2,094 ரூபாய்; புதிய காருக்கு மூன்றாண்டுக்குச் சேர்த்துக் கட்டுவது 6,521 ரூபாய். ஓராண்டுத் தொகையை மூன்றாற் பெருக்கின் 6,282 ரூபாயே வரும். முன்னதாகக் கட்டுவோர்க்குத் தள்ளுபடி கிட்டும் என்று கருதுவோர் இதனை நினைவிற் கொள்க. ஒருங்கே கட்டுதல் எப்பொழுதும் மலிவு என்பதும் பொதுவிதியன்று. கணக்கிட்டே அறிதல் வேண்டும்.

இன்னுமொரு மயக்கத்தையும் ஈண்டே களைதல் நலம். மூன்றாண்டுக்கு நீள்வது மூன்றாம் தரப்பினர் காப்பு மட்டுமே. சொந்தச் சேதக் காப்பைப் பொதுவாக ஆண்டுதோறும் புதுப்பித்தல் வேண்டும். "மூன்றாண்டுக்குக் கட்டியாயிற்று" என்று வாளாவிருந்தவர், இரண்டாமாண்டில் வண்டி பாறையில் மோதி நசுங்கியபோது தம் கைப்பொருளையே செலவிட நேரும்.

3. நம் நாட்டில் மாதத் தவணை என்பது யாது?

முழுப்பணமும் முன்னரே வேண்டும் என்பது வழக்கமாயின், விளம்பரங்களிற் காணும் மாதத் தவணை எங்ஙனம் வந்தது? விடை எளிது. பெரும்பாலும் அது காப்பீட்டின் தவணையன்று, கடனின் தவணை. வங்கியின் கடன் அட்டையோ கடன் கொடுக்கும் நிறுவனமோ கம்பெனிக்கு முழுத்தொகையையும் முதல் நாளே செலுத்திவிடுகின்றது. நாம் மாதந்தோறும் கொடுப்பது அக்கடனையும் அதன் வட்டியையுமே.

இதே செயல் வேறோர் உருவிலும் நிகழும். புதிய கார் வாங்குங்கால், சாலைக்கு வரும்வரையிலான விலை என்று ஒரு தொகை கூறப்படும். அதனுள் காப்புக் கட்டணமும் அடங்கியிருத்தல் உண்டு. அத்தொகை முழுமைக்கும் ஐந்தாண்டோ ஏழாண்டோ கடன் பெறுவோர், ஓராண்டிற் கழிந்துபோகும் காப்பிற்கு ஏழாண்டு வரை வட்டி கொடுக்கின்றனர். இதனை உணர்ந்தார் மிகச் சிலர்.

அயல்நாடுகளில் நிலை சிறிது வேறு. பிரிட்டனில் மாதந்தோறும் கட்டும் வழக்கம் பரவலாக உளது. ஆயினும் அங்கும் அது பெரும்பாலும் வட்டியுடன் கூடிய கடனே. ஆண்டுக்கு நூற்றுக்கு 20 முதல் 30 வரை வட்டி வாங்குதல் அங்கே சாதாரணமாக இருந்தமையால், நிதி நடத்தை ஆணையம் 2024-இல் இதனை ஆராயத் தொடங்கிற்று. அமெரிக்காவில் கம்பெனிகளே மாதந்தோறும் பணம் பெறுதல் உண்டு. தவணைக்கொரு சிறு கட்டணம் கூட்டுவர், தவணை தவறின் அறிவிப்புக் கொடுத்துக் காப்பை நீக்குவர். ஆகவே நாடு எதுவாயினும், சிறுகச் சிறுகக் கட்டும் வசதிக்கு ஒரு விலை உண்டு.

4. அவ்விலையைக் கணக்கிடும் வகை

ஒருவர்க்கு எல்லாம் சேர்த்து ஆண்டுக் கட்டணம் 12,000 ரூபாய் எனக் கொள்வோம். ஒருங்கே கட்டின் 12,000. மாதந்தோறும் கட்டின் 1,100 வீதம் பன்னிரண்டு தவணை, ஆக 13,200. முதல் தவணை முதல் நாளே செலுத்தப்படுகின்றது. மிகுதி 1,200 ரூபாய். "நூற்றுக்குப் பத்துத்தானே, பெரிதன்று" என்று தோன்றும்.

ஆயின் உண்மை வட்டி பத்தன்று. 12,000 ரூபாய் முழுவதையும் ஓராண்டு முழுமையும் அவர் கடனாக வைத்திருக்கவில்லை. முதல் மாதம் ஏறத்தாழ 11,000, அடுத்த மாதம் 10,000, அதற்கடுத்து 9,000 என்று கடன் குறைந்துகொண்டே போகின்றது. சராசரி பார்த்தால் கட்டணத்திற் பாதிக்கும் குறைவான தொகையே ஆண்டு முழுதும் அவர் கையிற் கடனாக இருந்தது. அதற்கு 1,200 ரூபாய் வட்டி. முறைப்படி கணக்கிடின் மாதத்திற்கு நூற்றுக்கு ஏறத்தாழ 1.78, ஆண்டிற்கு 21-க்கு மேல் ஆகின்றது. குறையும் கடனுக்கு முழுக்கடனின் மேல் வட்டி சொல்லும் இம்முறையை மாணவர் நன்கு அறிந்து வைத்தல் வேண்டும். காப்பீட்டில் மட்டுமன்றி, தவணைக்கு விற்கும் எல்லாப் பொருளிலும் இது மறைந்து கிடக்கின்றது.

மறுதலையாகவும் நோக்குவோம். மிகுதி ஒன்றும் இல்லாமல், மாதம் 1,000 ரூபாயே கட்டலாம் என்று ஒருவர் கூறின், நமக்குக் கிடைக்கும் ஊதியம் எவ்வளவு? செலுத்தாத பணத்தைச் சேமிப்புக் கணக்கில் நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வைத்திருப்பின், ஆண்டு முடிவில் ஏறத்தாழ 165 ரூபாய் கிட்டும். ஆகவே உண்மையில் வட்டியில்லாத் தவணை கிடைப்பின் அதனை ஏற்பதிற் குற்றமில்லை. எனினும் 165 ரூபாயிற்கு மேற்பட்ட எக்கட்டணத்தையும் அதற்காகக் கொடுத்தல் நஷ்டமே. செயற்பாட்டுக் கட்டணம் என்று ஒருவரி எழுதி இருநூறோ முந்நூறோ வாங்குவாராயின், வட்டியில்லை என்ற சொல் பொருளற்றதாய்விடும்.

5. தவறிய நாளின் விலை

இதுகாறும் ரூபாய்க் கணக்கைக் கண்டோம். அதனினும் பெரியதொரு கணக்கு உளது. காப்பு ஒருநாள் அறுபடுமாயின் அதன் விலை என்ன என்பதே அது.

வண்டிக் காப்பு குறித்த நாள் நள்ளிரவோடு முடிந்துவிடும். அதன்பின் சலுகை நாள் என்று ஒன்றில்லை. மறுநாட் காலையில் நேரும் விபத்திற்கு அவ்வொப்பந்தம் துணையாகாது. காப்பு முடிந்த வண்டிக்குச் சொந்தச் சேதக் காப்பு மீண்டும் வேண்டுமாயின், கம்பெனியார் பொதுவாக வண்டியைச் சோதித்த பின்னரே கொடுப்பர். இழப்பீடு கோராதார்க்கு ஆண்டுதோறும் வளரும் சலுகை ஒன்றுண்டு. அது சொந்தச் சேதக் கட்டணத்தில் முதலில் நூற்றுக்கு 20. பின்னர் 25, 35, 45 என்றேறி, ஐந்தாண்டு தொடர்ந்தால் 50 வரை உயரும். காப்பு முடிந்து தொண்ணூறு நாட்களுக்குள் புதுப்பியாதவர் இதனை முற்றும் இழப்பர். ஐந்தாண்டு பொறுமையாக வண்டி ஓட்டி ஈட்டிய பயன் ஒரு மறதியில் அழியும்.

செலுத்தியதாக எண்ணிய பணம் செல்லாமற் போவதும் உண்டு. காசோலை திரும்பி வந்த வழக்குகளில் நம் உச்ச நீதிமன்றம் தெளிவான தீர்ப்புகள் கூறியுள்ளது. கட்டணம் சேராதபோது, வண்டி உடையார் தம் சொந்தச் சேதத்திற்கு ஈடு கோருதல் இயலாதென 2001-இல் தீர்ப்பளித்தது. மூன்றாம் தரப்பினர்க்கோ, கம்பெனி ஒப்பந்தத்தை நீக்கி அச்செய்தியை உடையார்க்கு விபத்திற்கு முன்னரே தெரிவித்திராவிடின், கம்பெனியே ஈடு செய்தல் வேண்டும் என்றும், பின்னர் அதனை உடையாரிடம் பெற்றுக்கொள்ளலாம் என்றும் 2012-இல் ஒரு பேருந்து வழக்கிற் கூறிற்று. முன்னரே நீக்கித் தெரிவித்திருப்பின், பொறுப்பு முழுவதும் உடையார் தலையிலேயே விழும்.

இங்கேதான் தவணை முறையின் தலையாய குறை புலனாகின்றது. ஆண்டிற்கு ஒருமுறை கட்டுவோர் தவறுதற்கு ஒரு நாளே உண்டு. மாதந்தோறும் கட்டுவோர்க்குப் பன்னிரண்டு நாட்கள். காப்பு அறுபடாத கடன் முறையிலுங்கூட, தவறிய தவணை அபராதமும் வட்டியுமாக வளரும்.

6. தவணையின் பக்கத்து நியாயம்

எனினும் ஒருதலையாகத் தீர்ப்புக் கூறுதல் நேர்மையன்று. கையில் 12,000 ரூபாய் உள்ளவர்க்கு ஒருங்கே கட்டுக என்று கூறுதல் எளிது. இல்லாதார்க்கு அவ்வறிவுரையாற் பயனென்ன? பொருளுடையார் குறைந்த விலைக்கும், பொருளில்லார் வட்டியோடு கூடிய மிகுந்த விலைக்கும் ஒரே காப்பைப் பெறுகின்றனர் என்பது வருந்தத்தக்க உண்மை. ஆயினும் தவணையையும் முன்பணத்தையும் மட்டும் ஒப்பிட்டு, தவணை கூடாதென்று விலக்கியவர் காப்பே இன்றி வண்டியை மலையேற்றுவாராயின், அது பெருந்தீங்கு. ஆயிரத்திருநூறு ரூபாய் வட்டி ஓர் இழப்பே. காப்பின்றி ஒருவரை மோதிப் பல இலட்சம் ஈடு கொடுக்க நேர்ந்து நிலத்தை விற்றல் குடும்பத்தின் அழிவு. ஆகவே முதலிடம் காப்புடைமைக்கு; அடுத்த இடமே சிக்கனத்திற்கு.

கைவறண்ட காலத்தில் இவ்விரண்டிற்கும் இடைவழியும் உண்டு. மூன்றாம் தரப்பினர் காப்பை மட்டும் உரிய நாளில் முதலிற் புதுப்பித்துக்கொள்ளலாம். முற்கூறிய 2022-ஆம் ஆண்டுக் கட்டணத்தோடு நூற்றுக்கு 18 வரி சேர்த்தால், சிறிய காருக்கு ஏறத்தாழ 2,471 ரூபாயே ஆகின்றது. சொந்தச் சேதக் காப்பைப் பணம் வந்தபின் தனியே எடுக்கலாம். இடைப்பட்ட நாட்களில் வண்டிச் சேதம் நம்மைச் சேரினும், பிறர்க்குச் செய்யவேண்டிய கடமை வழுவாது. வண்டியை மிகக் குறைவாக ஓட்டுவோர், ஓடும் தூரத்திற்கேற்பச் சொந்தச் சேதக் கட்டணம் குறையும் திட்டங்களையும் விசாரித்தல் நலம். இவற்றிற்கு ஆணையம் 2022 ஜூலையில் இடமளித்தது.

7. மலைநாட்டார்க்கு உகந்த வழி

மாதத் தவணை மாதச் சம்பளக்காரரை நினைந்து ஏற்பட்டது. வளப்பூர் நாட்டு உழவர்க்கு வருவாய் மாதந்தோறும் வருவதில்லை. காப்பியும் மிளகும் பறிக்கும் மார்கழி, தை, மாசி மாதங்களிற் கையிற் பணம் புரளும். ஆடி வந்தால் திருவிழாச் செலவும் விதைப்புச் செலவும் ஒருங்கே நிற்கும். பருவத்தில் வரும் பணத்தைக்கொண்டு மாதக்கடனைத் தீர்க்க முயல்வோர், வறண்ட மாதங்களில் அத்தவணைக்காக வேறிடத்துக் கைம்மாற்று வாங்குவர். கடனைக் கட்டக் கடன் என்பது இதுவே.

ஆதலின் யான் கூறும் வழி இது: தவணையைக் கைவிடாது அதன் திசையை மட்டும் மாற்றுக. காப்பு எடுத்த பின்னர்ப் பிறர்க்கு மாதம் 1,100 கட்டுவதற்கு மாறாக, அடுத்த ஆண்டின் காப்பிற்காக இப்பொழுதே தமக்குத்தாமே மாதம் 1,000 கட்டுக. சம்பளக்காரர் வங்கியில் ஓராண்டுத் தொடர் வைப்பாக அதனை வைக்கலாம். உழவரோ, மிளகு விற்ற நாளிலேயே ஆண்டுத் தொகையை எடுத்துத் தனிக்கணக்கில் இட்டுவிடலாம். புதிய வண்டி வாங்குவோர்க்கு முதலாண்டுக் காப்பு வாங்கும்போதே அமைந்துவிடுமாதலின், சேமித்தற்குப் பன்னிரண்டு மாத அவகாசம் தாமாகவே கிடைக்கின்றது. அவ்வவகாசத்தை நழுவவிடுவோரே பின்னர்க் கடனை நாடுகின்றனர். ஓராண்டு இப்பழக்கத்தை மேற்கொண்டவர், தவணையின் எளிமையையும் முன்பணத்தின் சிக்கனத்தையும் ஒருங்கே பெறுவர்.

இதனோடு இரண்டு சிறு கடமைகள். முதலாவது, காப்பு முடியும் நாளைச் சுவரிலுள்ள நாட்காட்டியிற் குறித்து வைத்தல். இரண்டாவது, அந்நாளுக்குச் சில வாரம் முன்னரே புதுப்பித்தல். முன்னரே கட்டினும் பழைய காப்பின் நாட்கள் வீணாகா. பழையது முடியும் வேளையிற் புதியது தொடங்கும். கடைசி நாளில் மலைமீது இணையத் தொடர்பு அறுந்துபோயிற்று என்று வருந்த வேண்டியதும் இராது.

முடிவுரை

மாதந்தோறுமோ, ஒருங்கேயோ என்னும் வினாவிற்கு நாம் கண்ட விடைகள் மூன்று. தவணையின் மிகுதி பெரும்பாலும் வட்டியே. அதனைக் குறையும் கடனின்மேற் கணக்கிட்டே அறிதல் வேண்டும். பணம் செலுத்தும் முறைகளுள் சிறந்தது, காப்பு ஒருநாளும் அறுபடாமற் காப்பது. முன்னரே சேமித்தார்க்கு இவ்வினாவே எழுவதில்லை.

இறுதியாக ஒன்று. எழுபது வளைவுகளில் ஏதோ ஒன்றின் மறுபுறத்தில், தலையிற் சுமையோடு ஒரு மூதாட்டி நடந்து வருதல் கூடும். நம் வண்டியின் பெயரையும் அவர் அறியார். நம் காப்புப் பத்திரத்தையும் கண்டாரல்லர். ஆயினும் நம் கவனம் ஒரு கணம் தவறினால், அவர் குடும்பம் ஈடு பெறுமா என்பது, நாம் உரிய நாளில் அச்சிறு தொகையைக் கட்டினோமா என்பதையே பொறுத்தது. இவ்விடுமுறைக்கு வீடு செல்லும் மாணவர், வண்டியிலுள்ள காப்புப் பத்திரத்தை எடுத்து, இரு கூறுகளும் முடியும் நாட்களைத் தந்தையார்க்குப் படித்துக் காட்டுவாராக. கற்ற கணக்கு வீட்டிற்குப் பயன்படும் நற்பேறு அதனினும் வேறு யாது?